உஷார்! ‘யார் வேணாலும் வரையலாம்’ என்று அறிவிக்கும் முன்…

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் போஸ்டர் ஒன்றை அனுப்பினான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நன்றாக வரைவான், கையில் நல்ல வேகம். நாமெல்லாம் சின்ன வயதில் படித்த ஒரு காமிக்ஸ் நாயகன் வைகைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே கொட்டை எழுத்தில், ‘இந்த உலகம் எல்லாருக்கும் சொந்தம். யார் வேணாலும் வாங்க, யார் வேணாலும் வரைங்க!’ கீழே கூகுள் படிவத்தின் இணைப்பு. “எப்படி இருக்குக்கா? ரெண்டே நாள்ல அறுபது பேர் பேர் குடுத்துட்டாங்க!”

படம் அருமை. எனக்கோ அடிவயிறு கலங்கியது.

அவன் ‘எல்லாருக்கும் சொந்தம்’ என்று எழுதியிருந்த அந்த உலகத்தில் அவனுக்கென்று சொந்தமாக எதுவுமே இல்லை. நாயகன் யாரோ ஒருவருடைய சொத்து. வரப்போகிற பக்கங்கள் ஒவ்வொன்றும் வரைகிறவருடைய சொத்து. நடுவில் நின்று அறுபது பேரைக் கூப்பிடுகிறவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ரசிகர்கள் சேர்ந்து வெப்காமிக்ஸ் போடுவது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு உள்ளே வருகிறவர்களோடு ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல் இருக்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. நான் அந்த வழியில் போய் அடிபட்டவள். அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அடிமண் யாருடையது என்று பார்த்துவிடுவோம்.

இரும்புக் கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்தவன். சிவகாசி அச்சு மை வாசத்தோடு வீட்டுக்குள் வந்ததால் நம்ம ஊர்ப் பிள்ளை என்றே மனசில் பதிந்துவிட்டான். அவன் பிறந்தது 1962இல், பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில். இன்று அவன்மீதான உரிமை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய பக்கங்களை அவர்கள் புத்தகமாகவே மறுபடியும் போட்டிருக்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடக்கிற சரக்கு என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது. ‘அறுபது வருஷம் ஆச்சே, உரிமை காலாவதி ஆகியிருக்குமே’ என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நம் சட்டத்தில் கதைக்கும் ஓவியத்துக்கும் அந்த அறுபது வருஷக் கணக்கு, படைத்தவர் கண்ணை மூடிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ‘தழுவல்’ என்றால் என்ன என்று விளக்குகிற இடத்திலேயே காமிக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கதையையோ அதன் நிகழ்வுகளையோ முழுக்கவோ பெரும்பாலுமோ படங்களாலேயே சொன்னால் அதுவும் தழுவல்தான், தழுவுகிற உரிமை சொந்தக்காரருக்குத்தான். விதிவிலக்குகள் 52ஆம் பிரிவில் இருக்கின்றன: சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், செய்தி என்று போகிறது பட்டியல். ரசிகரின் அன்புக்கு அதில் இடமில்லை. ‘லாப நோக்கமில்லை, உரிமை உரியவர்களுக்கே’ என்று அடியில் ஒரு வரி போடுகிறோமே, அது கேடயம் ஆகாது. 63ஆம் பிரிவு தண்டிப்பது தெரிந்தே செய்கிற மீறலை. ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ‘இது இன்னாருடையது என்று எனக்குத் தெரியும்’ என்பதற்கு அந்த ஒற்றை வரியே உங்கள் கைப்பட்ட சாட்சி ஆகிவிடும்.

பேரை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. இந்திக் காமிக்ஸ் உலகத்தில் ‘நாக்ராஜ்’ என்ற பாம்பு நாயகன் கொடிகட்டிப் பறந்தபோது இன்னொரு பதிப்பகம் ‘நாகேஷ்’ என்று ஒரு பாம்பு நாயகனைக் கொண்டுவந்தது. 1997இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பேர் வேறாக இருந்தாலும் உடல், நிறம், சக்தி எல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான சொந்தக்காரர்கள் ரசிகர்கள் மேல் பாய்வதில்லை. சிலர் கொண்டாடுகிறார்கள், இன்னின்னது செய்யலாம் என்று விதிகளே வெளியிடுகிறார்கள். அந்தப் பொறுமை பணம் நுழைகிற இடத்தில் முடிந்துபோகிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் சிலர் ‘ஆக்ஸனார்’ என்ற படத்துக்காகச் சக ரசிகர்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் உரிமை வைத்திருந்த பாராமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன, 2017 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016இல், எல்லா ஸ்டார் ட்ரெக் ரசிகர் படங்களுக்கும் வேலி விழுந்தது: ஒரு கதை 15 நிமிடம்தான், இரண்டு பகுதியாகப் போட்டாலும் மொத்தம் 30 நிமிடம்தான், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது, வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கூடாது. பைசா வாங்காமல் வருஷக்கணக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அந்த வேலிக்குள் அடைபட்டார்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து வருகிற ஆபத்து. எங்கள் வீட்டில் தீ உள்ளே இருந்து பிடித்தது.

பல வருஷத்துக்கு முன்னால் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு ரசிகர் வெப்காமிக்ஸ் தொடங்கினோம். நாங்கள் படித்து வளர்ந்த ஒரு வெளிநாட்டுத் துப்பறியும் நாயகன் நம் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்து தங்கிவிடுகிறான் என்று கதை. ஊரை நாங்களே கட்டினோம். ஆளுக்கொரு தெரு. தெருவைக் கொண்டுவந்தவர் அந்தத் தெருவின் மனிதர்களையும் கொண்டுவரலாம் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே விதி, அதுவும் வாய்வார்த்தை. நான் டி.டி.பி. வேலை செய்கிறவள் என்பதால் பலூன்களில் எழுத்து அமைப்பது என் பொறுப்பு. திருச்சிப் பெண் ஒருத்தி கனகு என்ற தபால்காரியைக் கொண்டுவந்தாள். காக்கிச் சேலை, பழைய சைக்கிள், ஹேண்டில்பாரில் தொங்குகிற பை. வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும். மூன்று மாதத்தில் நாயகனை விட்டுவிட்டு எல்லோரும் கனகு எப்போது வருவாள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரோ ஒருவர், “உரிமை, கிரிமைன்னு ஏதாச்சும் எழுதி வெச்சுக்குவோமா?” என்று கேட்டார். “நமக்குள்ள எதுக்குங்க எழுத்தெல்லாம்?” என்று அன்றைக்குப் பதில் சொன்னது நான். அந்த வாக்கியத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்த் தம்பி கனகுவை டி-ஷர்ட்டில் அச்சடித்து 350 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தான். நாயகனின் தொப்பியும் ஓரத்தில் இருந்தது. திருச்சிப் பெண்ணுக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டாள். “கலர் நான்தானே போட்டேன், எனக்கும் பங்கு இருக்கில்ல?” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டதிலும் தப்பில்லை. யார் சொல்வது சரி என்று பார்க்க எங்களிடம் ஒரு காகிதம் இல்லை. பத்து நாள் இழுபறிக்குப் பிறகு அவள் ஒரே வரியில் எழுதினாள்: ‘கனகுவை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துடுங்க.’

மொத்தம் 96 பக்கம். அதில் 41இல் கனகு இருந்தாள்.

கதையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, ஒரு பக்கத்தில் அவளை மட்டும் அழித்துப் பார்த்தேன். முப்பத்தேழாம் பக்கம், மூன்றாவது கட்டம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், அதில் சாய்த்து வைத்த சைக்கிள், தொங்குகிற பை. மேலே நான் அமைத்த பலூன். பலூனின் வால் வளைந்து இறங்கி வெறும் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் இருந்த இடத்தை நிரப்ப அசல் லேயர்க் கோப்பு வேண்டுமே என்று தேடினால், எல்லாக் கோப்பும் கோயம்புத்தூர்த் தம்பியின் டிரைவ் கணக்கில் இருந்தன. அதே வாரம் அவன் எல்லோருடைய அனுமதியையும் நீக்கியிருந்தான். என்னிடம் மிஞ்சியது 800 பிக்சல் அகலத்தில் ஒரு ஜேபெக். ஒன்றரை வருஷ உழைப்பு. பதினான்கு பேரில் இன்றைக்கு இரண்டு பேரோடுதான் பேச்சுவார்த்தை இருக்கிறது.

அப்புறம்தான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டியது.

ஒருவர் பென்சில், ஒருவர் மை, ஒருவர் வண்ணம் என்று யார் பங்கு எது எனப் பிரிக்க முடியாதபடி சேர்ந்து செய்த பக்கம் கூட்டுப் படைப்பாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். அப்படியானால் மற்றவர்கள் சம்மதமில்லாமல் ஒருவர் மட்டும் வெளியாளுக்கு அனுமதி கொடுக்க முடியாது. ஒருவர் முறைத்துக்கொண்டு போனால் மொத்தப் பக்கமும் முடங்கும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் படைத்ததுதான் முதலாளிக்குப் போகும். ஆர்வத்தில் வந்து வரைந்து கொடுத்தவர் யாருக்கும் வேலையாள் இல்லை, அவர் வரைந்தது அவருடையது. ‘குரூப்ல போட்டாங்க, அதனால குரூப்போடது’ என்பது சட்டத்தில் எங்கேயும் இல்லை.

கேரளத்துக் கார்ட்டூனிஸ்ட் டாம்ஸின் விவகாரம் இதற்கு நல்ல பாடம். ‘போபனும் மோளியும்’ மலையாள மனோரமா வார இதழில் பல்லாண்டு வந்து வீட்டுக்கு வீடு புகழ்பெற்ற கார்ட்டூன். டாம்ஸ் 1987இல் அங்கிருந்து விலகி வேறு இதழில் வரையத் தொடங்கியதும், பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் பத்திரிகையில் சேர்வதற்கு முன்பே அவர் கையில் பிறந்தவர்கள் என்பதால், டாம்ஸ் தொடர்ந்து வரையலாம் என்றது கேரள உயர் நீதிமன்றம். சம்பளம் கொடுத்த பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை. வாட்ஸ்அப் குழுவின் அட்மினுக்கு என்ன பிடிமானம் இருக்கிறது?

‘சரி, எழுதி வாங்கிடறோம், போதுமா?’ என்று கேட்பீர்கள். அரைகுறையாக எழுதினாலும் ஆபத்துதான். 19ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெப்காமிக்ஸை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் படிப்பார்களே! அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பெற்ற உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். முழு உரிமை மாற்றத்துக்கு மட்டும் இல்லை, பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்தாலும் இதே விதிகள் பொருந்தும். ரசிகர் காமிக்ஸில் செமஸ்டர் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று ஒன்றரை வருஷம் இடைவெளி விழுவது சர்வசாதாரணம். நண்பர் கொடுத்த பாத்திரத்தை ஒரு வருஷம் கதைக்குள் கொண்டுவராமல் இருந்துவிட்டால், திரும்பி வரும்போது அவர் கொடுத்த அனுமதியே இருக்காது.

எழுதிக்கொடுத்த பிறகும் படைத்தவரிடம் ஒன்று மிஞ்சுகிறது. 57ஆம் பிரிவின்படி ‘இது நான் படைத்தது’ என்று உரிமை கோரலாம். தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கலாம். கனகுவை அசிங்கமாக வரைந்திருந்தால் திருச்சிப் பெண் அப்போதும் கேள்வி கேட்டிருக்க முடியும். கேட்கவும் வேண்டும்.

அடுத்த ஆபத்து, அனுப்புகிறவர் எங்கிருந்து எடுத்து அனுப்புகிறார் என்பது. இணையத்தில் ஊர் கூடித் தேர் இழுத்த கதை என்றால் எல்லோரும் ‘எஸ்சிபி ஃபவுண்டேஷன்’ என்பார்கள். 2007இல் பேர் தெரியாத ஒருவர், கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்து கழுத்தை முறிக்கும் ஒரு சிலையைப் பற்றிக் குட்டிக் கதை எழுதினார். கூடவே நெட்டில் கண்ணில் பட்ட ஒரு படத்தையும் போட்டார். அந்தச் சிலை 2004இல் ஜப்பானியச் சிற்பி இஸூமி காட்டோ செய்தது. அவரை யாரும் கேட்கவில்லை. கதை வளர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிற உலகமாயிற்று. பெயர் குறிப்பிட்டு, இதே நிபந்தனையோடு யாரும் எடுத்தாளலாம், வியாபாரமும் செய்யலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அந்த உலகம் நிற்கிறது. முதல் படத்துக்கு மட்டும் அந்த உரிமம் பொருந்தவில்லை, அது அவர்களுடையதே இல்லையே! ஒரு சிற்பி செதுக்கியது ஊர் உலகமெங்கும் பேய் முகமாகச் சுற்றியது. விளையாட்டு செய்கிறவர்களும் பொம்மை செய்கிறவர்களும் அதை வியாபாரத்துக்குத் தொட முடியாமல் தவித்தார்கள். கடைசியில் 2022 பிப்ரவரியில்தான் கதைப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்தார்கள். முதல் நாள் ஒரு நிமிஷம் யோசிக்காதது பதினைந்து வருஷம் துரத்தியது. அதோடு விட்டதா? ரஷ்யாவில் ஒருவர் அந்த உலகத்தின் பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறியாகத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு சக ரசிகர்களை மிரட்டிய விவகாரம் 2019இல் வெடித்தது. அவரை எதிர்த்த வழக்குச் செலவுக்கு ரசிகர்களிடமே கையேந்த வேண்டியதாயிற்று.

அந்த உலகம் ரசிகர்களே முதலிலிருந்து படைத்தது. அதனால்தான் அவர்களால் உரிமம் கொடுக்கவாவது முடிந்தது. நீங்கள் கட்டுவது இன்னொருவர் நாயகன் மேல். உங்களுக்குச் சொந்தமில்லாததற்கு நீங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை குத்த முடியாது. சொந்தமானதற்குக் குத்திவிட்டால் பிறகு திரும்பப் பெறவும் முடியாது. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் முத்திரையைப் பதித்துவிட்டு முழிக்கிற பிள்ளைகளை நான் பார்த்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஏஐயில் உருவாக்கிய படத்தைத் தான் வரைந்தது என்று அனுப்புகிறார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன் இதைப் பற்றி வந்த முக்கியமான முடிவே ஒரு காமிக்ஸ் புத்தகம் தொடர்பானது. ‘ஸார்யா ஆஃப் தி டான்’ நூலில் வசனத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று 2023 பிப்ரவரியில் சொன்னார்கள். உங்கள் உலகத்தின் பாதிப் பக்கம் அப்படி வந்திருந்தால், அவற்றை யார் எடுத்துப் போனாலும் நீங்கள் வாயைத் திறக்க முடியாமல் போகலாம். லேயர்க் கோப்பைக் கேளுங்கள், பென்சில் நிலையைக் கேளுங்கள். தர மறுப்பவரின் பக்கத்தைப் போடாதீர்கள். எழுத்துருவிலும் கவனம் வேண்டும். எங்கிருந்தோ இறக்கிய ஃபாண்டைப் பலூனில் போடாதீர்கள். பலூ தம்பி, முக்தா மலர், கேட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதுவரை சொன்னதைவிட எனக்குத் தூக்கம் போனது வேறொன்றால். தம்பி அனுப்பிய படிவத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், ஊர், கைபேசி எண், வரைந்த மாதிரி. வயது கேட்கவே இல்லை. வந்த பதில்கள் சேரும் தாளின் இணைப்பையும் போஸ்டரோடு சேர்த்து அனுப்பியிருந்தான். தட்டினேன். திறந்தது. அறுபது பேருடைய எண்ணும் ஊரும் வரிசையாக. ‘நான் ஒன்பதாவது படிக்கிறேன் அண்ணா, அப்பா போன் நம்பர்’ என்று ஒரு பிள்ளை. ‘பத்தாவது, ராத்திரி 10 மணிக்கு மேல்தான் வரைவேன்’ என்று இன்னொன்று. இணைப்பு கிடைத்த எவனும் இதைப் படிக்கலாம். உடனே போன் போட்டு, முதலில் அந்தத் தாளைப் பூட்ட வைத்தேன்.

பதினெட்டு வயது நிரம்பாதவரோடு செய்கிற ஒப்பந்தம் செல்லாது. 1903இலேயே, கல்கத்தா வழக்கு ஒன்றில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்னது இது. அந்தப் பிள்ளை ‘சம்மதம்’ என்று பெட்டியில் டிக் அடித்தாலும் அது வெறும் டிக்தான். பெற்றோரிடம் நேரில் பேசுங்கள், அவர்கள் கைப்பட வாங்குங்கள், பிள்ளைகளைப் பெரியவர்களின் இரவு அரட்டைக் குழுவில் சேர்க்காதீர்கள். அடுத்தது கசப்பான விஷயம், சொல்லித்தான் ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் வரையலாம் என்ற உலகத்தில், பள்ளிக்கூட வயதுப் பாத்திரங்களை ஆபாசமாக வரைந்து அனுப்புகிற ஆளும் ஒருநாள் வருவான். ‘படம்தானே, நிஜமில்லையே’ என்று தள்ளாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகச் சித்திரிக்கிற எழுத்தையும் டிஜிட்டல் படத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. முதல் முறைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வருவதைப் பார்க்காமல் அப்படியே ஏற்றுகிற ஏற்பாடு வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வயது வந்த இரண்டு பேராவது பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

கூட்டாகக் கட்டிய உலகங்கள் நிலைத்ததே இல்லையா என்று கேட்டால், நிலைத்திருக்கின்றன. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுக்கும் ‘வைல்ட் கார்ட்ஸ்’ கதைத் தொடர் 1987 முதல் வருகிறது. நண்பர்கள் சேர்ந்து ஆடிய விளையாட்டிலிருந்து பிறந்த உலகம் அது. அங்கே பாத்திரம் அதைப் படைத்த எழுத்தாளருடையது. இன்னொருவர் அதைப் பெரிதாகப் பயன்படுத்த வேண்டுமானால் கேட்க வேண்டும், பயன்படுத்தினால் படைத்தவருக்கும் பங்கு போகிறது. நட்பு இருந்தும் எழுதிக்கொண்டார்கள். கனகு அந்த ஏற்பாட்டில் இருந்திருந்தால் டி-ஷர்ட் அச்சாகும் முன் ஒரு போன் வந்திருக்கும்.

அந்த நண்பர்கள் செய்ததை நாமும் ஒரு பக்கத்தில் செய்துகொள்ளலாம், எளிய தமிழிலேயே. மூலக் கதையின் சொந்தக்காரர் நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்துவோம். ஆளாளுக்குப் படைத்த பாத்திரம் அவரவருக்கு. இந்தக் காமிக்ஸில் பயன்படுத்த அவர் அனுமதிக்கிறார், உலகம் முழுவதும், இத்தனை வருஷத்துக்கு, இடையில் ஒரு வருஷம் வராவிட்டாலும் அனுமதி நிற்கும். விலகிப் போனால் ஏற்கனவே வந்த பக்கங்கள் இருக்கும், புதிதாக வரையக் கூடாது. பாத்திரத்தைக் கொல்வது, கல்யாணம் கட்டுவது, கெட்டவனாக்குவது எல்லாம் கேட்டுத்தான். பணம் வாங்கப் போவதில்லை. டி-ஷர்ட்டும் இல்லை, நன்கொடையும் இல்லை. கூட்டாக வரைந்த பக்கத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பக்கத்துக்கடியிலேயே பெயர். இதில் எல்லோரும் கையெழுத்து, தேதி. வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஒருநாள் செலவுதான்.

நாயகன் போய்விட்டாலும் ஊர் நிற்க வேண்டும், அப்படிக் கட்டுங்கள். சொந்தத் தெரு, சொந்த ஆட்கள், சொந்தப் பகை. தொப்பிக்காரனைத் தூக்கிவிட்டால் விழுந்துவிடும் கதையாக இருந்தால் இத்தனை பேரை அதன் கீழே நிறுத்தாதீர்கள். உண்மையில் என் ஆசை, அந்த நாயகனை விட்டுவிட்டு முழுக்க உங்களுடைய உலகத்தையே கட்டுங்கள் என்பதுதான். கனகு மாதிரி ஒருத்தியைப் படைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இரவல் நாயகன் எதற்கு?

கோப்புகள் ஒருவர் கணக்கில் மட்டும் இருக்க விடாதீர்கள். நீங்கள் ஏற்றுகிற தளத்தையும் நம்பி இருக்காதீர்கள். 2005 முதல் எத்தனையோ ரசிகர் காமிக்ஸுக்கு வீடாக இருந்த ‘ஸ்மேக் ஜீவ்ஸ்’ 2020 டிசம்பர் 31ஆம் தேதி கதவை மூடியது. நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நடத்துகிறவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவையுங்கள். எரிக் ஃபிளின்ட் தன் ‘1632’ நாவல் உலகத்தை வாசகர்களுக்குத் திறந்துவிட்டு, ‘கிரான்ட்வில் கெசட்’ என்ற இதழில் அவர்கள் கதைகளைக் காசு கொடுத்து வெளியிட்டார். 2022 ஜூலையில் அவர் இறந்தார், அதே வருஷம் இதழும் நின்றது. அவரை நம்பி எழுதிக்கொண்டிருந்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று நின்றார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் ராத்திரி ஒரு மணி வரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “படிவத்தையும் நாளைக்குக் காலையிலேயே மூடிடறேன்க்கா, வயசு கேட்டுப் புதுசா போடறேன்” என்றான். போஸ்டரை ஏற்கனவே நாலு குழுவில் பகிர்ந்துவிட்டதாகவும் சொன்னான். மறுநாள் கல்லூரியில் தேர்வு, வேலை என்று போயிருப்பான்போல. இதை எழுதி முடித்துவிட்டு அந்த இணைப்பை மறுபடி தட்டிப் பார்த்தேன். படிவம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை.